முழு நிலா நாளில் கும்மிருட்டு

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் ஒரு நாவல் வாசித்தேன். கதை 1985-ல் மதுரையில் நடக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, கும்மிருட்டில், யார் கண்ணிலும் படாமல் காதலர்கள் தல்லாகுளத்திலிருந்து ஓடிப்போகிறார்கள். மறுநாள் வைகையில் முழங்கால் தண்ணீர். சித்திரையில் ஏது தண்ணீர்? தொடக்கத்தில் இரண்டு பையன்களோடு வந்த அக்காவுக்குக் கடைசியில் ஒரே பையன். படித்து முடித்தபோது கதை மனசில் நிற்கவில்லை, இந்தப் பிழைகள்தான் நின்றன. "கதையைப் படி, கணக்குப் பார்க்காதே" என்கிறார்கள் நண்பர்கள். நான் குற்றம் மட்டுமே பார்க்கிற ஆளாகிவிட்டேனா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. நிலா விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியன்று. முந்தின ராத்திரியும் நிலா ஏறக்குறைய முழுசாகத்தான் இருக்கும். அதை விடுங்கள், அன்றைக்குத் தல்லாகுளத்தில் யார் தூங்குகிறார்கள்? மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை முடிந்து அழகர் அங்கேதான் இருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையை அங்கேதான் சூடிக்கொள்வார். செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை போட்டு, மேலே சூடம் ஏற்றிப் பெண்கள் காத்து நிற்பார்கள். கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ரோட்டோரம் துண்டு விரித்துப் படுத்திருக்கும். அங்கே ஆளில்லாத இருட்டை எழுதினால், அந்தப் பெண் மதுரைக்காரி என்பதையே என்னால் நம்ப முடியாது. மதுரைக்காரி அன்றைக்கு இருட்டைத் தேட மாட்டாள், கூட்டத்துக்குள் போய்விடுவாள். சித்தப்பா எதிரே வந்தாலும் "சாமி பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிடலாமே! எவ்வளவு நல்ல காட்சி கைநழுவிப் போயிருக்கிறது. எனக்கு வருத்தமே அதில்தான்.

தண்ணீர் விஷயத்தில் நாவலாசிரியர் பக்கம்தான் நியாயம். வைகை அணை 1959-லேயே வந்துவிட்டது. திருவிழாவுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவது உண்டு. பிழை என்று சொல்லுமுன் வாசகரும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

அக்கா பையனை மன்னித்துவிடலாம். 1605-ல் வந்த 'டான் குவிக்ஸாட்' என்ற ஸ்பானிஷ் நாவலின் முதல் பாகத்தில், நாயகனின் பணியாள் சாஞ்சோவின் கழுதை திருட்டுப் போகிறது. கொஞ்ச நேரத்தில், எதுவுமே நடக்காததுபோல அவன் அதன்மேல் ஏறிப் போகிறான். 1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பாத்திரமே இதைப் பற்றிக் கேட்க, எழுதினவர் தவறியிருப்பார், இல்லாவிட்டால் அச்சடித்தவரின் கவனக்குறைவு என்கிறான் சாஞ்சோ. அந்தக் கழுதையால் யாரும் நாவலைக் கீழே வைத்துவிடவில்லை. இந்த மாதிரிப் பிழை திருத்தி எழுதும்போது வருவது. அச்சுக்குப் போகுமுன் இன்னொருவர் ஒரே மூச்சில் படித்தால் அகப்பட்டுவிடும். நிலா அப்படியல்ல. அந்த ராத்திரியை மனசுக்குள் பார்க்காமல் எழுதியதால் வந்தது அது.

அதனால் பக்க எண்ணோடு நாவலாசிரியருக்கே எழுதுங்கள். பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுச் சிரித்தால் அடுத்த பதிப்பு திருந்தாது. அப்புறம், அந்த ராத்திரி தல்லாகுளத்தில் நீங்கள் பார்த்ததையும் இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். திருத்த உட்காரும்போது அவருக்கு அதுதான் கைகொடுக்கும்.