ஏரி முழுக்க ஆகாயத்தாமரை: மருந்தா, பொக்லைனா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி 12 ஏக்கர். முழுக்க ஆகாயத்தாமரை மூடிவிட்டது. மருந்து அடித்தால் பத்தே நாளில் கருகிவிடும் என்கிறார் ஒரு ஒப்பந்தக்காரர். காசே வேண்டாம், பொக்லைன் வைத்து எடுத்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். யாரிடம் விடலாம்?

பதில்: இருவரிடமும் வேண்டாம்.

மருந்தில் கருகும், உண்மைதான். கருகியது எங்கே போகும்? அடர்ந்து மூடிய ஏரியில் ஏக்கருக்கு 100 டன் பச்சைச் செடிகூட இருக்கும். அத்தனையும் அமிழ்ந்து அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிடும், மீன் செத்து மிதக்கும். அழுகிய சத்தோ தண்ணீரிலேயே தங்கி அடுத்த செடிக்கு உரமாகும். வெயில் பட்டதும் சேற்றில் கிடக்கும் விதை முளைக்கும். அது பதினைந்து வருஷம்கூடச் சாகாமல் கிடக்கக்கூடியது. அடிப்பது 2,4-டி என்ற களைக்கொல்லி என்றால், காற்றில் கொஞ்சம் சாரல் போனாலே பக்கத்துப் பருத்தியும் தக்காளியும் சுருண்டுவிடும். அப்போது ஒப்பந்தக்காரர் போனை எடுக்க மாட்டார்.

அதைவிட ஆபத்து, 'இலவசம்' என்பவர். அவருக்கு வேண்டியது செடியல்ல, அடியில் இருக்கும் மண். பொக்லைன் வாளி செடியோடு நாலடி வண்டலையும் அள்ளும், டிப்பர் நேரே செங்கல் சூளைக்குப் போகும். கரையடியில் பள்ளம் விழுந்தால் மழையில் கரை சரியும். ராத்திரியில் வேலை செய்கிறேன் என்று சொன்னாலே விஷயம் புரிந்துவிடும். இயந்திரம்தான் வேண்டுமென்றால் வாளிக்குப் பதில் பல் வைத்த வாரியை மாட்டச் சொல்லுங்கள்; அதில் மண் தங்காது. மாட்டேன் என்றால் அனுப்பிவிடுங்கள். நறுக்கித் தள்ளும் இயந்திரமும் வேண்டாம், நறுக்கிய தண்டுத் துண்டு மறுபடி துளிர்க்கும்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நம் ஏரிகளில் கரை பெரும்பாலும் கிழக்கே இருப்பதால் செடி தானாகக் கரையோரம் ஒதுங்கும். தடித்த நைலான் கயிற்றில் மூன்றடிக்கு ஒரு காலி கேன் கட்டி, ஒதுங்கியதை வளைத்துப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து இழுங்கள். மதகையும், உபரி நீர் வழிந்தோடும் கலங்கலையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி மழையில் செடி கலங்கலை அடைத்தால் கரைக்குத்தான் ஆபத்து. எடுத்ததைக் கரையின் உள்சரிவில் குவித்தால் அடுத்த மழையில் அதே ஏரிக்குத் திரும்பும். கரைக்கு வெளியே, வேர் மேலே பார்க்கப் பரப்பிக் காயவிடுங்கள். அல்லியையும் கொட்டிக்கிழங்கையும் சேர்த்துப் பிடுங்க வேண்டாம்.

காய்ந்ததைச் சாணத்தோடு அடுக்கி மட்கவைத்து வயலில் போடலாம். சாயப்பட்டறை, தோல் ஆலைக் கழிவு வரும் ஏரிக்கு மட்டும் இது பொருந்தாது. நொய்யல், பாலாறு பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். குரோமியம் போன்ற உலோகங்களை இந்தச் செடி வேரில் இழுத்து வைத்துக்கொள்ளும். மட்கினாலும் உலோகம் எங்கும் போகாது. எருவோடு வயலுக்கு வந்து கீரைக்கு ஏறும். மாட்டுக்கும் போடாதீர்கள். மண்புழு உரமாக்கினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். நம் ஏரிக்கு வருவது வெறும் ஊர்ச் சாக்கடைதான் என்று நினைப்பவர்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரமாக மேலே ஒருமுறை நடந்து பாருங்கள். சின்னப் பட்டறை ஒன்று குழாய் விட்டிருக்கும்.

ஊர்ச் சாக்கடை மட்டும் என்றாலும் அதைத் திருப்பாமல் செடியை எடுப்பது வீண் செலவு. இரண்டே வாரத்தில் இரட்டிக்கும் செடி இது. மேல் ஏரியிலிருந்து மிதந்து வருவதைத் தடுக்க வரத்துக்காலில் மூங்கில் மிதவையைச் சாய்வாகக் கட்டுங்கள். கம்பி வலை அடைத்தால் வெள்ளம் ஊருக்குள் வரும்.

பாசனம் 100 ஏக்கருக்குக் குறைவான ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத்துறை. எங்கே போனாலும் 'எங்களுடையது இல்லை' என்பார்கள். அனுமதி மழை முடிந்த பிறகு வரும். சித்திரையிலேயே மனு கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

கூலியை டன் கணக்கில் பேசாதீர்கள், செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். பரப்புக் கணக்கில் பேசி, ஐந்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். முதல் மழைக்குப் பிறகு நீர் விளிம்பில் விதைநாற்று முளைக்கும். அதையும் கையால் பிடுங்கி முடித்த பிறகே மீதியைக் கொடுங்கள்.