காற்று மாசு மருத்துவமனைகளுக்கு எப்படிச் சுமையாகிறது?

வளரும் நாடுகளின் மருத்துவமனைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

கூட்டம் எங்களுக்குப் புதிதில்லை. கட்டில் காலியாகாததுதான் கஷ்டம். சாதாரணக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். இளைப்போடு வருபவருக்கு நெபுலைசர், அதாவது மருந்தைப் புகை மாதிரி ஆக்கி இழுக்க வைக்கும் மெஷின், வைத்தால் ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் விரலில் கிளிப்பை மாட்டி, ஆக்சிஜன் அளவு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் அடுத்தவர், "சிஸ்டர், மெஷின் லகாதோ" (மெஷினை வையுங்கள்) என்று கெஞ்சுவார். ஒரே கட்டிலில் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் உட்கார்ந்து புகை மாதிரி மருந்தை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கூட்டம் வரும் நேரமும் மோசம். அக்டோபர் கடைசியில் பஞ்சாப், ஹரியானாவில் அறுவடை முடிந்த வயலில் நெல் தாளை எரிப்பார்கள், அந்தப் புகை இங்கே வரும். தீபாவளியும் வரும். ஊரின் வண்டிப் புகையும் தூசியும் வருடம் முழுக்க உண்டு. காற்று வீசாமல் குளிர் இறங்கிவிட்டால் எல்லாம் தரையோடு தங்கிவிடும். அதே சமயம் டெங்குவும் ஓய்ந்திருக்காது, வார்டில் பாதி டெங்கு நோயாளிகள்தான் இருப்பார்கள். 2024 நவம்பர் 18-ஆம் தேதி டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. எண் ஏற ஏறக் காற்று மோசம், அந்த அளவுகோலே 500-இல் முடிந்துவிடுகிறது! பள்ளி வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். எங்கள் வார்டு ஜன்னலில் இரண்டு கண்ணாடி இல்லை, அட்டைதான் வைத்து அடைத்திருந்தோம். சிகிச்சை கொடுக்கும் இடத்திலும் அதே காற்றுதான்.

ஒரு இ-ரிக்‌ஷா ஓட்டுநரைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். நான்கு நாள் வைத்திருந்து, தினமும் இழுக்கும் இன்ஹேலர் ஒன்றும், அவசரத்துக்கு நீல நிற இன்ஹேலர் ஒன்றும் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். எட்டாம் நாள் திரும்பி வந்தார். நீல இன்ஹேலரை மட்டும்தான் வாங்கியிருந்தார், உடனே மூச்சு விட முடிவது அதில்தானே. "வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னோமே பையா (அண்ணா)?" என்றேன். "வண்டிக்கு யார் வாடகை கட்டுவது?" என்றார்.

நிர்வாகம் ஏன் கூடுதல் ஆள் போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். டெங்குவுக்குத் தனிக் கணக்கு உண்டு. எண்ணிக்கை ஏறினால் கூட்டம் போடுவார்கள், படுக்கை ஒதுக்குவார்கள். காற்றுக்கு அப்படி ஒரு பத்தி எங்கள் பதிவேட்டில் இல்லை. ஆஸ்துமா, நிமோனியா, மாரடைப்பு, பக்கவாதம் என்று தனித்தனியாகத்தான் எழுதுவோம். புகையில் இருக்கும் நுண்துகள் நுரையீரல் வழியாக ரத்தத்திலும் கலக்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும், ஆனால் இன்னாருக்கு மாரடைப்பு புகையால்தான் வந்தது என்று கேஸ் ஷீட்டில் யார் எழுத முடியும்? மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கையில் வழக்கமான குளிர்காலமாகத்தான் அது தெரியும். எங்கள் ஷிஃப்டில் அதே மூன்று பேர்.

அந்த ஓட்டுநர் இரண்டாம் தடவை வந்தபோது நானும் பழையபடி 'மூச்சுத்திணறல்' என்றுதான் எழுதினேன்.