பாலைவனத்தில் ஆர்.வி.யோடு: கூட்டம் போகாத இடங்கள் (கேள்வி பதில்)

அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ பக்கம் ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு கூடிய பயண வண்டி) எடுத்துக்கொண்டு போகிறவர்களின் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். கிராண்ட் கேன்யன், சயான் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடலாம். கேள்வி அனுப்பும்போது வண்டியின் மொத்த நீளத்தையும் எழுதுங்கள். பாதி பதில் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

சாண்ட்லரிலிருந்து: அக்கா, 30 அடி மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுக்கிறோம். ஜனவரியில் மூன்று நாள். பசங்களுக்கு 9, 13 வயது. பெரிய பார்க் எல்லாம் பார்த்தாச்சு. கொஞ்சம் சரித்திரம் இருக்கிற இடமாகச் சொல்லுங்களேன்.

க்வார்ட்ஸ்சைட் போங்கள். ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10ல் மேற்கே சுமார் 130 மைல். ஜனவரியில் அந்தச் சின்ன ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆர்.வி.கள் நிற்கும். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில் நில மேலாண்மைத் துறையின் குளிர்கால முகாம் இருக்கிறது. கட்டணம் குறைவு. தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் லா போசா சவுத் பகுதியில் வசதி உண்டு.

ஜனவரியில் அங்கே கூடும் சந்தையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஊர் மயானத்தில் கல்லால் கட்டிய ஒரு சின்ன பிரமிடு நிற்கிறது, உச்சியில் செம்பு ஒட்டகம். அதன் கீழே இருப்பவர் ஹாஜி அலி. 1850களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றை மேய்க்கவும் ஓட்டவும் கூட வந்தவர்களில் ஒருவர். சிப்பாய்கள் வாயில் அவர் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது, கல்லறையிலும் அப்படித்தான் இருக்கிறது. 1902ல் இங்கேயே இறந்தார். பிரமிடு 1930களில் எழுந்தது. பெரியவனிடம் இந்தக் கதையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மறுநாள் கொலராடோ நதியைத் தாண்டி ப்ளைத். அங்கிருந்து யு.எஸ். 95ல் வடக்கே 15 மைல் போனால், தரையிலேயே வரைந்த பிரம்மாண்ட உருவங்கள் இருக்கின்றன. மிகப் பெரிய மனித உருவம் 171 அடி. 1930களின் தொடக்கத்தில் அந்த வழியாக விமானத்தில் போன ஒரு விமானியின் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. மொஹாவே, கெச்சான் பூர்வகுடி மக்களுக்கு அது புதிய செய்தி அல்ல. மனித உருவம் படைப்புக் கடவுள் மஸ்டாம்ஹோ என்று சொல்கிறார்கள்.

வேலியோரம் குனிந்து பாருங்கள். தரை முழுக்கக் கருத்த சிறு கற்கள் நெருக்கமாகப் படிந்திருக்கும். அந்தக் கற்களை ஒதுக்கினால் அடியில் வெளிர் மண். வரைந்தவர்கள் செய்தது அவ்வளவுதான்: கருப்பை ஒதுக்கி வெளுப்பைக் காட்டினார்கள். மழையே அதிகம் இல்லாத தரை என்பதால் அழியாமல் கிடக்கிறது. அதே காரணத்தால், வேலி போடுவதற்கு முன் அதன் மேல் யாரோ ஓட்டிய வண்டிகளின் டயர் தடமும் அழியாமல் கிடக்கிறது. வெயில் சாய்வாக விழும் காலையில் போனால் கோடு நன்றாகத் தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து பிரிவது மண் பாதை. வண்டியை ஓரமாக நிறுத்தி, நடந்து போய்த் திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். பொதுவாகவே நான் சொல்வது, பெரிய வண்டியை முன்னாலேயே நிறுத்திவிட்டுக் கடைசித் தூரத்தை நடக்க வேண்டும். இந்த இடங்களில் பெரும்பாலானவை தப்பிப் பிழைத்ததே வண்டி போக முடியாததால்தான்.

சன்னிவேலிலிருந்து: ஜூலையில் பள்ளி விடுமுறை. டெத் வேலி போகலாமா?

வேண்டாம். உலகத்தில் பதிவான மிக அதிகக் காற்று வெப்பம் அங்கேதான், ஜூலையில்தான்: 1913 ஜூலை 10, 134 டிகிரி ஃபாரன்ஹீட். நவம்பர் முதல் மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் போங்கள்.

லாஸ் வேகஸிலிருந்து: 32 அடி வண்டி. டெத் வேலியில் கரி சுடும் சூளைகள் இருக்கிறதாமே, பிப்ரவரியில் ஆர்.வி.யிலேயே போய்விடலாமா?

முடியாது. வைல்ட்ரோஸ் பக்கம் ஏறும் பாதையில் 25 அடிக்கு மேல் வண்டி விடக் கூடாது. வளைவுகள் அப்படி. ஸ்டோவ்பைப் வெல்ஸில் நிறுத்திவிட்டுக் கார் இருந்தால் காரில் போங்கள். அவசியம் போங்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். 1877ல் கட்டிய பத்து கல் சூளைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 25 அடி உயரம். அர்கஸ் மலையில் வெள்ளி, ஈயத் தாதுவை உருக்கக் கரி வேண்டியிருந்தது. மரம் இருந்தது இந்த மலையில்தான். உள்ளே நுழைந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புகை வாசனை அடிக்கும்.

ஹூஸ்டனிலிருந்து: ஒட்டகத் திட்டத்தைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். அது படு தோல்வி என்றுதான் படித்திருக்கிறேன். மணலுக்குப் பழகிய பாதம் அமெரிக்காவின் கல் தரையில் தாங்கவில்லை.

இந்தக் கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது, ஆனால் தவறு. போர்த்துறைச் செயலராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் யோசனை அது. 1855ல் காங்கிரஸ் 30,000 டாலர் ஒதுக்கியது. அடுத்த வருஷம் டெக்சஸ் கரையில், உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத இண்டியனோலாவில், முதல் தொகுதி 34 ஒட்டகங்கள் இறங்கின. 1857ல் எட்வர்ட் பீல் அவற்றில் சிலவற்றை அழைத்துக்கொண்டு நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோ நதி வரை வண்டிப்பாதை அளந்தார். எரிமலைக் கல் நிறைந்த தரையிலும் அவை நன்றாக நடந்தன என்றே அவர் அறிக்கை சொல்கிறது. கோவேறு கழுதை சீண்டாத செடியைத் தின்றன. தண்ணீரில்லாமல் தாக்குப்பிடித்தன. கொலராடோ நதியில் ஒட்டகங்கள் நீந்திக் கரையேறின, குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் சில மூழ்கின. 1858ல் அடுத்த செயலர் இன்னும் ஆயிரம் ஒட்டகம் வாங்கக் காங்கிரஸிடம் கேட்டார். தோற்றுப்போன திட்டத்துக்கு யாராவது அப்படிக் கேட்பார்களா?

ஆஸ்டினிலிருந்து: சோலார் பேனல் 400 வாட் போதுமா? லித்தியம் பேட்டரி எது நல்லது?

இது என் துறை இல்லை. மின்சாரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து: 24 அடி வண்டி, ஒரு வார இறுதி, ஜோஷுவா ட்ரீ மட்டும் வேண்டாம்.

மொஹாவே தேசியக் காப்பகம். ஐ-40லிருந்து எசெக்ஸ் சாலை வழியாக வடக்கே போனால் ஹோல்-இன்-தி-வால் முகாம் வரை தார்ச்சாலை. சுமார் 4,400 அடி உயரம், அதனால் இரவில் குளிரும். அங்கே ‘ரிங்ஸ்’ பாதை என்று ஒன்றரை மைல் சுற்று உண்டு. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். குறுகலான இடுக்கில் பாறையில் அடித்த இரும்பு வளையங்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். கையுறை இருந்தால் நல்லது, வெயிலில் வளையம் சுடும்.

அடுத்த நாள் கெல்ஸோ மணல்மேடு. 600 அடிக்கு மேல் உயரம். உச்சியிலிருந்து மணலைக் காலால் சரித்துவிட்டால் அடிவயிற்றில் உணரும்படி ஒரு ஆழமான உறுமல் கேட்கும். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மழை பெய்த வாரத்தில் கேட்காது. கடைசி மூன்று மைல் மண் சாலை, மெதுவாக ஓட்டுங்கள்.

அப்புறம் ஒன்று, இது எல்லாருக்கும்: வறண்ட ஓடையில் வண்டியை நிறுத்தி இரவு தங்காதீர்கள். தரை சமமாக, மணல் மெத்தென்று, நிழலோடு ஆசையாகத்தான் இருக்கும். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை, தூரத்து மலையில் பெய்தாலே போதும்.

சியாட்டிலிலிருந்து: ஆகஸ்டில் அரிசோனா பாலைவனம் எப்படி இருக்கும்?

சன்னிவேலுக்குச் சொன்னதுதான். கூடவே ஆகஸ்டில் அங்கே பருவமழை, ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும்.

ஹூஸ்டனிலிருந்து, மீண்டும்: சரி, பாதம் இல்லை. ஆனால் ராணுவமே விற்றுவிட்டதே. கழுதைகள் ஒட்டகத்தின் வாசனைக்கே மிரண்டன, ஓட்டிகளுக்குப் பிடிக்கவில்லை. அதுவும் தோல்விதானே?

மிரண்டது உண்மை. கழுதை ஓட்டிகள் வெறுத்ததும் உண்மை. அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் விற்றதற்குக் காரணம் 1861ல் வந்த உள்நாட்டுப் போர். டெக்சஸில் இருந்த முகாம் தெற்கத்தியர் கையில் போனது. யோசனை யாருடையதோ அந்த டேவிஸே எதிரணியின் அதிபர் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு வாஷிங்டனில் ஒட்டகத்துக்காகப் பேச யார் இருந்தார்கள்? கலிஃபோர்னியாவில் இருந்தவற்றை 1864ல் பெனீசியாவில் ஏலம் விட்டார்கள். அவற்றைக் கட்டி வைத்திருந்த கல் கட்டடங்கள் அதே ஊரில் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன. பிறகு ரயில் வந்தது, 1883ல் நீடில்ஸ் வழியாகப் பாதை இணைந்துவிட்டது. விலங்கு தோற்கவில்லை. அதற்கான தேவை போய்விட்டது, அதைக் காப்பாற்ற ஆளும் இல்லை.

டென்வரிலிருந்து: சாக்கோ கேன்யன் போகும் வழியில் என் பையன் கோலம் மாதிரி கோடு போட்ட பானை ஓடு ஒன்று எடுத்தான். ஒரே ஒரு துண்டு. வைத்துக்கொள்ளலாமா?

எடுத்த இடம் நினைவிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பூங்கா அலுவலகத்தில் கொடுத்து நடந்ததைச் சொல்லுங்கள். பொது நிலத்தில் தொல்பொருள் எடுப்பது 1979ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். அந்த ஓடு எந்த அறைக்குப் பக்கத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. உங்கள் மேஜையில் அது வெறும் ஓடு. சாக்கோ பழைய கல் வீடுகளின் இடிபாடு; ஹோபி, சூனி, ஆகோமா பூர்வகுடி மக்கள் அந்த இடத்தைத் தங்கள் முன்னோர் வீடாக நினைக்கிறார்கள். ஆளுக்கு ஒரே ஒரு துண்டு என்று எடுத்துத்தான் பல இடங்களில் தரை வெறுமையாகிவிட்டது.

பையனைத் திட்ட வேண்டாம். கண்டுபிடித்தது நல்ல கண். படம் எடுக்கச் சொல்லுங்கள்.

சான் டியேகோவிலிருந்து: மேப் ஆப் காட்டும் குறுக்கு வழியில் போனால் 40 நிமிடம் மிச்சமாகிறது, போகலாமா?

போகாதீர்கள். எந்தச் சாலை என்றே நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பதில் இதுதான். பாலைவனத்தில் ஆப் காட்டும் கோடு கைவிட்ட சுரங்கப் பாதையாக இருக்கலாம். டெத் வேலி நிர்வாகமே வழிகாட்டிக் கருவியை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கிறது. காகித வரைபடம் வாங்குங்கள், ரேஞ்சரிடம் கேளுங்கள்.

டூசானிலிருந்து: அக்கா, வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா வரலாற்று ஆசிரியர். நன்றாக நடப்பார். நாள் பயணம் போதும்.

ஃபோர்ட் போவி. உங்கள் அப்பாவுக்கென்றே அமைந்த இடம். கோட்டைக்கு நேராக வண்டி போகாது. நிறுத்துமிடத்திலிருந்து ஒன்றரை மைல் நடக்க வேண்டும், அந்த நடைதான் அருங்காட்சியகம். 1858ல் தொடங்கிய பட்டர்ஃபீல்ட் தபால் வண்டி நிலையத்தின் இடிபாடு, சின்ன மயானம், பிறகு அப்பாச்சி ஊற்று எல்லாம் வழியிலேயே வரும். சுற்று வட்டாரத்தில் நம்பகமான தண்ணீர் அந்த ஊற்றுதான், அதனால்தான் எல்லாரும் அங்கே வந்தார்கள், எல்லாரும் அங்கே மோதினார்கள். 1861ல் ஒரு இளம் ராணுவ அதிகாரி, செய்யாத குற்றத்துக்காக அப்பாச்சி பூர்வகுடித் தலைவர் கொச்சீஸைப் பிடிக்கப் பார்த்தார். கொச்சீஸ் கூடாரத்தைக் கிழித்துத் தப்பினார், இரு பக்கமும் பிணைக்கைதிகள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் அந்தக் கணவாயில் போர், உடனே கோட்டை. 1886ல் அப்பாச்சிப் போராளி ஜெரோனிமோ சரணடைந்த பிறகு அவரை இங்கே கொண்டுவந்துதான் ரயிலேற்றினார்கள். 1894ல் கோட்டையைக் கைவிட்டார்கள். இப்போது கரைந்துகொண்டிருக்கும் மண் சுவர்கள்தான் மிச்சம்.

நடக்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு, அம்மாவுக்குத் தேவையென்றால் அலுவலகத்துக்கு முன்கூட்டியே பேசுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

ப்ளேனோவிலிருந்து: ஜூன் கடைசி வாரம் எப்படி மேடம்?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். கோடை வேண்டாம்.

ஹூஸ்டனிலிருந்து: ஒட்டகம் பற்றிக் கடைசியாக. அந்தப் பயணத்துக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஆதாரம் எங்கேயாவது இருக்கிறதா? கல்லறை தவிர.

இருக்கிறது, கல்லில். நியூ மெக்சிகோவில் எல் மோரோ. பெரிய மணற்கல் பாறை, அடியில் ஒரு குளம். தண்ணீருக்காக நின்றவர்கள் எல்லாரும் பாறையில் பெயர் வெட்டினார்கள். 1605ல் ஸ்பானிய ஆளுநர் ஒன்யாத்தே வெட்டிய எழுத்து இருக்கிறது. அவர் எழுதியதற்கு முன்பே அங்கே இருந்த பூர்வகுடிகளின் பாறைச் செதுக்கல்கள் மேல் அது குறுக்கே ஓடுகிறது. பீலின் ஆட்களும் எழுதியிருக்கிறார்கள். பி. கில்மர் பிரெக்கின்ரிட்ஜ் என்று, 1859 என்று ஒரு பெயரைத் தேடுங்கள். ஒட்டகங்களைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். பிறகு போரில் இறந்துபோனார்.

ஹூஸ்டனிலிருந்து: ஒத்துக்கொள்கிறேன், போகிறேன். 34 அடி ட்ரெய்லர். அங்கேயே நிறுத்தலாமா?

முடியாது, அங்கே இருப்பது சின்ன வண்டிகளுக்கான ஒன்பது இடம்தான். கிராண்ட்ஸ் ஊரில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, இழுக்கும் வண்டியில் மட்டும் போங்கள். 53ம் எண் சாலை, 42 மைல். இடம் 7,000 அடிக்கு மேல் என்பதால் பனி விழுந்தால் மேலே ஏறும் பாதையை மூடிவிடுவார்கள். அக்டோபரில் போங்கள்.