வீட்டில் ஒப்பிக்கிறான், ஹாலில் மறந்துவிடுகிறான்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ இயற்பியலை வீட்டில் மடமடவென்று ஒப்பிக்கும் மகன், திருப்புதல் தேர்வில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை வியர்த்து உட்கார்ந்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அப்பா இதை நடிப்பு என்கிறாராம். நடிப்பு இல்லை, தேர்வு பயம். ஒரு கணக்கைப் போடும்போது அதன் படிகளை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். 'மார்க் குறைந்தால் என்ன ஆகும்' என்ற கவலை அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. வெளியே வந்ததும் விடை ஞாபகம் வருகிறது என்கிறானே, படித்தது எங்கும் போகவில்லை.

புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முழு வினாத்தாள்: பத்து மணிக்கு உட்கார்ந்து, பொதுத்தேர்வில் தருவதுபோல் பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் விடைத்தாளில் விவரம் சரிபார்ப்பது, அப்புறம் 10.15 முதல் 1.15 வரை எழுத்து. அந்தப் பத்து நிமிடத்தில் நன்றாகத் தெரிந்த கேள்விகளைக் கண்டுபிடித்து, எழுதும்போது அவற்றிலிருந்தே தொடங்கட்டும். முதல் பக்கம் நிறைந்தாலே பாதிப் படபடப்பு இறங்கிவிடும்.

இன்னொன்று, கேட்க விசித்திரமாக இருக்கும். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே எழுதித் தீர்த்த மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011-ல் காட்டியது. கிளம்பும் முன் ஒரு தாளில் கொட்டட்டும். நீங்கள் அதை வாங்கிப் படிக்காதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கட்-ஆஃப் பேச்சு வேண்டாம். ஒரு பாடம் போனாலும் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழி உண்டு. இதை அவன் அப்பா வாயால் சொன்னால் நல்லது, நீங்கள் சொல்வதைவிட அதற்குத்தான் எடை அதிகம்.

தூக்கமில்லை, சாப்பிடவில்லை என்று இரண்டு வாரம் நீண்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் நாள் கணக்குப் பார்க்காதீர்கள், அவனைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இயற்பியலுக்கு இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த ஒன்றரை மணி நேரம் அவன் தூங்கட்டும்.