ரிமோட்டில் செல் ஒழுகிவிட்டதா? கேளுங்கள்

மதுரையில் ரிமோட், ரேடியோ பழுது பார்ப்பதுதான் என் தொழில். வெயில் ஏற ஏற செல் ஒழுகிய ரிமோட்டுகள் மேசையில் குவிகின்றன, அதனால் வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

செல்லூர்: டிவி ரிமோட்டைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி, ஓரமெல்லாம் பச்சை. எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா அண்ணே?

முதலில் செல்லைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்று பாரும்மா. அல்கலைன் என்று இருந்தால் தேய்க்கலாம். அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். கசிந்து காற்றுப் பட்டதும் பொட்டாசியம் கார்பனேட்டாகி வெள்ளையாகப் பூக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். ஆனால் பெட்டிக்கடையில் நாம் மலிவாக வாங்குவது பெரும்பாலும் கார்பன் சிங்க் செல். அதில் துத்தநாகக் கூடுதான் மைனஸ் முனையே, மின்சாரம் எடுக்க எடுக்க அந்தச் சுவர் அரித்து மெலிந்து கடைசியில் ஓட்டை விழும். உள்ளேயிருந்து வருவது சிங்க் குளோரைடோ அம்மோனியம் குளோரைடோ, இரண்டுமே லேசான அமிலம், அதன்மேல் இன்னும் புளிப்பை ஏன் விட வேண்டும்? ஆப்பச்சோடாவைத் துளித் தண்ணீரில் குழைத்து, காதுக் குச்சியில் தொட்டுத் தடவு. எதையும் ஊற்றாதே, சர்க்யூட் போர்டுக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடு. பச்சை என்பது செம்பு, பித்தளையில் ஏறிய களிம்பு, அதைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்தாலே பளிச்சென்று ஆகும். உப்புத்தாள் போட்டு அழுத்தினால் மேல்பூச்சு போய்ச் சீக்கிரம் துரு ஏறும்.

திருமங்கலம்: ஒரு செல்தான் தீர்ந்தது, அதை மட்டும் மாற்றினேன். ஒரு மாதத்தில் ஒழுகிவிட்டதே?

அதனால்தான் ஒழுகியது தம்பி. இரண்டும் வரிசையாக இணைந்தவை. பழையது முதலில் தீர்ந்ததும் புதியது அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும், தீர்ந்த செல்லுக்குள் வாயு சேர்ந்து அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு வரும். எப்போதும் ஜோடியாக, ஒரே வகையில் மாற்று.

மேலூர்: அப்பா செல்லைப் பல்லால் கடித்து, வெயிலில் காயவைத்துப் போடுகிறார். கொஞ்ச நாள் ஓடவும் செய்கிறது.

ஓடும், சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும். ஆனால் அந்த நேரத்தில் துத்தநாகச் சுவர் ஏற்கெனவே மெலிந்துபோய் இருக்கும். போன வாரம் ஒரு ரிமோட் வந்தது, செல்லில் நாலு பல் தடம், ஒரு தடத்திலிருந்து பழுப்பாகப் பசை வழிந்து ஸ்பிரிங் அடியோடு இற்றுப்போய், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அந்தப் பசை வாய்க்குப் போகக் கூடாது.

அனுப்பானடி: சுத்தம் செய்தும் வேலை செய்யவில்லை.

செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். நுனியில் வெளிச்சம் மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, டிவி பக்கம் பாருங்கள். எந்தப் பட்டனுக்கும் மினுக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கைப் போர்டோடு சேர்க்கிற ஈயப்பற்று அரித்திருக்கலாம், அதைத் திரும்பப் பற்றவைப்பது சின்ன வேலை. அதற்காகப் புது ரிமோட் வாங்கிவிடாதீர்கள்.

உசிலம்பட்டி: பிள்ளை அந்த வெள்ளைப் பொடியைத் தொட்டுவிட்டான் அண்ணே.

ஓடுகிற தண்ணீரில் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். கண்ணைத் தேய்த்திருந்தால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, உடனே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இதில் தாமதம் வேண்டாம்.