குரூப்ல சேர்த்துவிட்டா போதுமா?

கேள்வி: அக்கா, என் தங்கச்சிக்கு ரெண்டாவது பையன் பிறந்து மூணு மாசம் ஆகுது. டவுன் சிண்ட்ரோம்னு டெஸ்ட்ல வந்துடுச்சு, இதயத்துலயும் ஓட்டை இருக்கு, ஆபரேஷன் பண்ணணும், தேதி பிறகு சொல்றோம்னு சொல்லிருக்காங்க. அவ யார் போனையும் எடுக்க மாட்டேங்குறா. நானே தேடிப் புடிச்சு இந்த மாதிரி குழந்தைங்களோட அப்பா அம்மா இருக்குற ஒரு பெரிய வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்துவிட்டேன், ரெண்டே நாள்ல வெளிய வந்துட்டா. எங்கம்மா எல்லாம் சரியாயிடும்னே சொல்லிட்டிருக்காங்க. அவ மாமியார் இது யார் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க. அவ வீட்டுக்காரர் வாயே திறக்குறதில்ல. நான் வேற ஊர்ல வேலை பாக்குறேன். ஒரு மாசம் லீவு போட்டு போய் கூட இருக்கலாமா, இல்ல அதையும் தொந்தரவா நினைப்பாளா?

பதில்: பெரியம்மா ஆயிருக்கீங்க, முதல்ல அதுக்கு வாழ்த்துக்கள். இதை ஏன் சொல்றேன்னா உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சுட்டேன், பையன் பேரு எங்கயுமே இல்ல. டெஸ்ட் இருக்கு, ஓட்டை இருக்கு, ஆபரேஷன் இருக்கு, பேரு இல்ல. உங்களைக் குத்தம் சொல்லல, எல்லா வீட்லயும் இதான் நடக்குது, ஆனா உங்க தங்கச்சிக்கு இந்த மூணு மாசத்துல எத்தனை பேர் சும்மா சாதாரணமா வாழ்த்து சொல்லிருப்பாங்கன்னு நினைக்குறீங்க? எங்க பெற்றோர் குழுவுக்கு வர்ற அம்மாக்கள் பாதிப் பேர் இதைத்தான் முதல்ல சொல்லி அழுவாங்க, டாக்டர் சொன்ன நியூஸைக் கூட அப்புறம்தான் சொல்வாங்க. அதனால அடுத்த தடவ பேசும்போது பேரைச் சொல்லிக் கேளுங்க. யார் ஜாடை, ராத்திரி தூங்குறானா, போட்டோ அனுப்புன்னு மூத்த பிள்ளைக்கு எப்படிக் கேட்டீங்களோ அப்படியே.

இப்ப போன் விஷயம். கோவத்துல எடுக்கலன்னு நினைச்சுக்காதீங்க, முக்கால்வாசி அவ கை ஃப்ரீயா இருக்காது. டவுன் சிண்ட்ரோம் இருக்குற குழந்தைங்களுக்குத் தசை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், வாயில சப்புற பலமும் கம்மி, அதோட இதயப் பிரச்சனையும் இருந்தா பால் குடிக்குறதே அதுக்கு மலை ஏறுற வேலை. அஞ்சு நிமிஷம் குடிக்கும், நெத்தியில வேர்த்துடும், அப்படியே தூங்கிடும், உள்ளங்காலைத் தேய்ச்சு எழுப்பணும், மறுபடி குடிக்கும், மறுபடி தூங்கும். இப்படியே முக்கால் மணி நேரம் போகும். அப்புறம் மீதிப் பாலைப் பம்ப் வச்சு எடுக்கணும், அதைப் பாலாடையிலயோ பாட்டில்லயோ குடுக்கணும், குடுத்ததுல பாதியைக் கக்கிடும், துணி மாத்தணும், பம்ப்போட பார்ட்ஸை எல்லாம் கழுவிக் கொதிக்க வைக்கணும், உக்காரலாம்னு பாத்தா அடுத்த ஃபீடுக்கு நேரமாயிருக்கும். ராத்திரியும் இதேதான். இதுக்கு நடுவுல போன் அடிச்சா அதுல வர்றது ஒண்ணு ஆறுதல், இல்ல விசாரணை. எடுக்காம விடுறது நியாயமாத்தான் படுது எனக்கு. நீங்க வாய்ஸ் மெசேஜ் போடுங்க, கடைசியில பதில் போட வேணாம்னு தெளிவா சொல்லிடுங்க. அந்த ஒரு வரி பெரிய நிம்மதி.

குரூப்புக்கு வர்றேன். நீங்க பண்ணது தப்பில்ல, நேரம்தான் சரியில்ல. நூறு இருநூறு பேர் இருக்குற குரூப்ல காலைல எட்டு மணிக்கு ஒருத்தர் பையன் நீச்சல் மெடல் வாங்குன வீடியோ போடுவார், ஒன்பது மணிக்கு இன்னொருத்தர் ஐசியு வாசல்ல இருந்து பிரே பண்ணுங்கன்னு போடுவார், மத்தியானம் யாராவது ஒரு புண்ணியவான் ஸ்டெம் செல்னோ வைட்டமின் பவுடர்னோ மூளை வளர்ச்சிக்குன்னு லிங்க் போடுவார் (இந்த வைத்தியம் எதுக்கும் நம்புற மாதிரி ஆதாரம் இல்ல, காசு கேக்குற இடம்னா இன்னும் தூரமா நிக்கணும்). பழகுனவங்க இதெல்லாம் தள்ளிட்டுப் போயிடுவாங்க. பிறந்து மூணு மாசத்துல இருக்குற அம்மாவுக்கு அத்தனையும் தன் பையனோட ஜாதகம் மாதிரி தெரியும். வெளிய வந்தது நல்லதுதான்.

இப்ப அவளுக்குத் தேவை ஒரே ஒரு ஆள். அவளை விட ரெண்டு மூணு வருஷம் முன்னாடி இதே வழியில போன ஒரு அம்மா, முடிஞ்சா அந்தக் குழந்தைக்கும் இதய ஆபரேஷன் நடந்திருக்கணும். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, 1971ல அமெரிக்காவுல ஒமாஹாங்குற ஊர்ல பைலட் பேரண்ட்ஸ்னு ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சாங்க, அனுபவப்பட்ட ஒரு பெற்றோருக்குக் கொஞ்சம் பயிற்சி குடுத்து, புதுசா நியூஸ் கேட்ட ஒரு பெற்றோரோட சேர்த்துவிடுறது, அவ்ளோதான். இன்னைக்குப் பல நாட்டுல இது வேற வேற பேர்ல நடக்குது. பயிற்சின்னா பெரிய படிப்பு இல்ல. காது குடுத்துக் கேக்குறது, மருந்து சொல்லாம இருக்குறது, தன் கதையைச் சுருக்கமா நிறுத்திக்குறது. மூணாவதுதான் கஷ்டம், எங்க குழுவுல நல்ல மனசுக்காரங்க பல பேர் அதுலதான் ஃபெயிலாவாங்க. அப்படி ஒரு ஆளை எப்படிப் பிடிக்குறது? நீங்க சேர்த்துவிட்ட அதே குரூப்போட அட்மின்கிட்ட தனியா கேளுங்க, இல்லன்னா பையனைப் பாக்குற குழந்தை டாக்டர்கிட்டயோ பிசியோதெரபி சொல்லித் தர்றவங்ககிட்டயோ கேளுங்க, இந்த மாதிரி பேசத் தயாரா இருக்குற அம்மா யாரையாவது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல்ல நீங்க பேசிப் பாருங்க. பத்து நிமிஷத்துல உங்களைப் பேச விடாதவங்கன்னா அவங்க வேணாம். நல்லவங்களா பட்டா தங்கச்சிகிட்ட கேட்டுட்டு நம்பரைக் குடுங்க, கேக்காம குடுக்காதீங்க. அவ கூப்பிட ரெண்டு மாசம் கூட ஆகலாம், ஆகட்டும்.

மாமியார் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடலாம், ஏன்னா இது பதில் இல்லாத கேள்வியே இல்ல. 1959லயே கண்டுபிடிச்சாச்சு, செல்லுக்குள்ள மரபணுக்களைச் சுமக்குற குரோமோசோம்கள்ல 21வது மட்டும் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்குறதுதான் காரணம். நூத்துக்கு 95 குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகுறப்ப செல் பிரியுறதுல தற்செயலா நடக்குறது, ரெண்டு பக்கத்துலயும் யாருக்கும் இல்லாமலே வரும், கர்ப்பத்துல அவ சாப்பிட்டதாலயோ பைக்ல போனதாலயோ வரல. அம்மா வயசு கூடக்கூட சாத்தியம் கூடும், ஆனா எந்த வயசுலயும் வரலாம். மூணு நாலு சதவீதத்துல மட்டும் டிரான்ஸ்லொகேஷன்னு ஒரு வகை, கூடுதல் 21வது குரோமோசோம் வேற ஒரு குரோமோசோமோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுல சில பேருக்கு அப்பாவோ அம்மாவோ தனக்கு ஒரு குறையும் இல்லாம அதைச் சுமந்திருக்கலாம். பையனோட கேரியோடைப் (குரோமோசோம் டெஸ்ட்) ரிப்போர்ட்ல எந்த வகைன்னு எழுதியிருக்கும். அதைப் பாக்குறது அடுத்த குழந்தை பத்தி முடிவெடுக்கத்தான், பழியைப் பங்கு போட இல்ல. இதை உங்க தங்கச்சி சொன்னா வாக்குவாதம்னு ஆயிடும், டாக்டர் வாயால மாமியாரே கேட்டா அடங்கிடும், அதனால அடுத்த விசிட்டுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சில மாமியாருங்க அதுக்கப்புறம் அப்படியே மாறிப் போய் பேரனுக்கு எக்சர்சைஸ் பண்ணி விடுறதைப் பாத்திருக்கேன். எல்லாரும் இல்ல, சில பேர்.

அம்மா சொல்ற "எல்லாம் சரியாயிடும்" இருக்கே, அது கேக்குறவங்களுக்கு இப்ப நீ சரியில்லன்னு கேக்கும். டவுன் சிண்ட்ரோம் சரியாகுற நோய் இல்ல, பையன் அதோடதான் வளருவான். ஆனா வளருவான். பல குழந்தைங்க ரெண்டு வயசு வாக்குல நடக்குறாங்க, சில பேர் அதுக்கு முன்னாடி, சில பேர் நல்லா லேட்டா. பேச்சை விடப் புரிஞ்சுக்குறது முந்தி வரும். 1980கள்ல இவங்களோட சராசரி ஆயுள் 25 வயசு கிட்டத்தான் இருந்துச்சு, இன்னைக்கு நல்ல மருத்துவம் கிடைக்குற நாடுகள்ல 60 வரைக்கும் வந்துருக்கு, அதுக்கு ஒரு பெரிய காரணம் இதயத்தைச் சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணிச் சரி பண்றதுதான். பாதிக் குழந்தைகளுக்கு இதயத்துல ஏதோ ஒண்ணு இருக்கும், ஆக உங்க பையன் கேஸ் டாக்டர்களுக்குப் புதுசு கிடையாது. இதெல்லாம் அம்மாகிட்ட நீங்களே பொறுமையா சொல்லுங்க, தங்கச்சி தலைல அந்த வேலையையும் வைக்காதீங்க.

சரி, தூரத்துல இருந்துக்கிட்டு என்ன பண்றது. "ஏதாவது வேணும்னா கூப்பிடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது அவளுக்கு இன்னொரு வேலை, என்ன வேணும்னு யோசிக்கணும், கேக்கலாமான்னு யோசிக்கணும், கடைசில கேக்கவே மாட்டா. ஒரு வேலையைப் பேரைச் சொல்லி எடுத்துக்குங்க. என்னைக் கேட்டா நீங்க எடுக்க வேண்டியது ஃபைல். இந்தக் குழந்தைங்க வீட்ல எல்லாம் ஒரு தடி ஃபைல் இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரி மேல ஸ்கேன் பில், அது மேல மருந்துச் சீட்டு, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் மட்டும் எப்பவும் கேக்குற நேரத்துக்குக் கிடைக்காது. எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஒரே பக்கத்துல நீங்க டைப் பண்ணிக் குடுங்க. பிறந்த தேதி, எடை எந்தத் தேதில எவ்ளோ, கேரியோடைப் என்ன, எக்கோ என்ன சொல்லுது, மருந்து எத்தனை மில்லி. அதுக்குக் கீழ வரப்போற செக்கப்: தைராய்டு பிறந்தப்ப ஒண்ணு, ஆறாவது மாசம், ஒரு வயசுல, அப்புறம் வருஷா வருஷம். கண்ணு ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவ. காது பிறந்தப்ப பாத்தாச்சான்னு கேளுங்க, ஆறு மாச வாக்குல மறுபடி பாக்கணும். அப்பாயின்மென்ட் போடுறது உங்க பொறுப்பு. டாக்டர் ரூம்ல அவ போனை ஸ்பீக்கர்ல போட்டு வச்சா நீங்க அங்க இருந்தே நோட்ஸ் எடுக்கலாம், ஏன்னா அழுதுட்டு இருக்குற குழந்தையை வச்சுக்கிட்டு டாக்டர் சொன்னது எதுவும் மண்டைல ஏறாது, முதல்லயே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. இதயம் பத்தி ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் தெரியணும்: முன்னைக்கு இப்ப குடிக்குறது குறைஞ்சா, மூச்சு வேகமா வாங்குனா, வேர்வை கூடுனா, எடை ஏறாம நின்னா அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காம டாக்டரைக் கூப்பிடணும். உதடு நீலமானா நேரா எமர்ஜென்சி.

பக்கத்துல இருக்குறவங்களுக்கும் வேலை இருக்கு. மூத்த பிள்ளையை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது ஒருத்தர், அதுவும் செவ்வாய் வியாழன்னு கிழமை சொல்லி. சாப்பாடு ஒருத்தர், வாசல்ல வச்சுட்டுப் போகணும், உள்ள வந்து உக்கார வேணாம். சளி இருமல் இருக்குறவங்க ஆபரேஷன் முடியுற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது, சாதாரணச் சளியே இந்தப் பையனை ஆஸ்பத்திரில படுக்க வச்சுடும், ஆபரேஷன் தேதியும் தள்ளிப் போகும். இதைச் சொல்ற கெட்ட பேரை நீங்க வாங்கிக்குங்க.

வீட்டுக்காரர் பேசலன்னா அவருக்குக் கவலை இல்லன்னு அர்த்தம் இல்ல. எல்லாரும் அவர்கிட்ட அவ எப்படி இருக்கா, குழந்தை எப்படி இருக்குன்னுதான் கேக்குறாங்க, அவர் எப்படி இருக்காருன்னு யாரும் கேக்குறதில்ல. எதிர்ல உக்கார வச்சு மனசு விட்டுப் பேசுங்கன்னா பேச மாட்டார், கூட நடந்துக்கிட்டோ வண்டில போய்க்கிட்டோ இருக்கும்போது உங்க வீட்டுக்காரரோ அவரோட ஃப்ரெண்டு யாராவதோ ஆரம்பிச்சா ஒரு வேளை வரும். இன்னொரு அப்பா கிடைச்சா இன்னும் நல்லது.

ஒண்ணை மட்டும் நான் சாவகாசமா சொல்ல மாட்டேன். உங்க தங்கச்சி போன் எடுக்காததுக்கு அசதி ஒரு காரணம்னு சொன்னேன், அது மட்டும்தானான்னு யாராவது நேர்ல பாக்கணும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற அழுகை பொதுவா ரெண்டு வாரத்துல அடங்கிடும், மூணு மாசம் ஆகியும் குழந்தை தூங்குற நேரத்துலயும் அவளுக்குத் தூக்கம் வரல, எதுலயும் பிடிப்பு இல்ல, நான் இல்லாம இருந்தா நல்லதுன்னு பேசுறான்னா அது பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தமா இருக்கலாம், மருந்தும் கவுன்சலிங்கும் இருக்கு, பால் குடுக்குறப்பவே எடுக்கக் கூடிய மருந்துகளும் இருக்கு. தன்னையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிக்கணும்னு ஒரு வார்த்தை வந்தாக் கூட அன்னைக்கே டாக்டர், அதுவரைக்கும் அவளைத் தனியா விடக் கூடாது. அப்படி எண்ணம் வருதான்னு நேராவே கேக்கலாம், கேட்டா எண்ணத்தைத் தூண்டிவிட்டுடும்னு பயப்பட வேணாம்.

லீவு. ஒரு மாசத்தையும் மொத்தமா இப்பவே எரிச்சிடாதீங்க. ஒரு வாரம் இப்ப போங்க, போறதுக்கு முன்னாடி நான் ராத்திரி ஃபீடுல ஒண்ணைப் பாத்துக்குறேன், பம்ப் பார்ட்ஸ் கழுவுறது என் வேலை, வேற எதுவும் பேச வரலன்னு மெசேஜ் போடுங்க, வேணாம்னு சொல்ல மாட்டான்னுதான் நினைக்குறேன், சொன்னா ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க. அந்த வாரத்துல அவளை நேர்ல பாத்த மாதிரியும் ஆச்சு. ரெண்டு வாரத்தை ஆபரேஷனுக்கு ஒதுக்குங்க, ஆஸ்பத்திரில அவங்க ரெண்டு பேரும் இருக்கும்போது மூத்த பிள்ளைகிட்ட நீங்க இருக்கணும், அதுக்கு அம்மா எங்கன்னு தெரியாம முழிக்குற நாள் அது. மிச்ச ஒரு வாரத்தை ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு வச்சுக்குங்க, அப்பதான் பாக்க வர்றவங்க எல்லாம் நின்னு போயிருப்பாங்க, தெரபி தினசரி வேலையா ஆரம்பிச்சிருக்கும். ஆபீஸ்ல கேக்குறதுக்கு முன்னாடி கார்டியாலஜிஸ்ட் உத்தேசமா எந்த மாசம்னு சொல்றாருன்னு கேட்டுக்குங்க, பொதுவா பையன் எடையைப் பாத்துத்தான் தேதி குடுப்பாங்க, அதனால அந்த ரெண்டு வாரத்தை மட்டும் தேதி போடாம வாங்கி வைங்க.