பொருளாதாரக் கொள்கை வரைவுகள் மீது குடிமக்கள் கருத்துச் சொல்வதால் பயன் உண்டா?

முடிவை முன்பே எடுத்துவிட்ட அரசு பெயருக்குத்தானே கருத்துக் கேட்கிறது என்பது உங்கள் கேள்வி. சில வேளைகளில் அப்படியும் நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், நாம் ஒதுங்கி நிற்பதால் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை; வழக்கறிஞர்களையும் கணக்காளர்களையும் பணியில் வைத்திருக்கும் பெருநிறுவனங்கள் தவறாமல் விரிவான மனுக்களை அளிப்பதால், கோப்பில் அவர்களுடைய தரப்பு மட்டுமே பதிவாகிறது. எனக்கு இதுவே முதன்மையான காரணமாகப் படுகிறது.

அதிகாரிகளிடம் புள்ளிவிவரச் சராசரிகள் இருக்கின்றன. ஆனால், மாதந்தோறும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற ஒரு விதி, தனியாளாகத் தொழில் நடத்துபவரின் எத்தனை வேலை நாட்களை விழுங்கும் என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

சட்டப் பின்புலமும் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. அரசுத் துறைகள் விதிகளை வகுக்கும் முறையை வரையறுக்கும் அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்கீழ், முக்கியமான ஆட்சேபங்களுக்கு விடையளிக்காமல் பிறப்பிக்கப்பட்ட விதியை நீதிமன்றம் ரத்து செய்யக்கூடும் என்பதால், அங்கே எழுதப்படும் கருத்து பின்னாளில் வழக்குக்கான சான்றாகவும் ஆகிறது. இந்தியாவில் 2014இல் வகுக்கப்பட்ட சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. அது சட்டமன்று, கொள்கை மட்டுமே என்பது வருந்தத்தக்க குறை.

எழுதும்போது, எந்தப் பிரிவு, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு, அதற்கு மாற்றாக எந்த வாசகம் வேண்டும் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். ஒரே வாசகத்தைப் பலர் நகலெடுத்து அனுப்புவதைவிட, சொந்த அனுபவத்தைச் சான்றுடன் விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தைப் புறந்தள்ளுவது அதிகாரிகளுக்குக் கடினம்.